புது ஆடியோ இன்டர்ஃபேஸ், ஆனால் சத்தம் வரவில்லை: எங்கே தப்பு நடக்கிறது?

மைக்கையும் ஸ்பீக்கரையும் கணினியோடு இணைக்கிற பெட்டிதான் ஆடியோ இன்டர்ஃபேஸ். அதை யுஎஸ்பியில் செருகிப் பாட்டைப் போட்டால், லேப்டாப்பின் குட்டி ஸ்பீக்கரே கத்திக்கொண்டிருக்கும். உடனே பெட்டி அவுட் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பல நேரம் விண்டோஸ் பழைய அவுட்புட்டையே பிடித்துக்கொண்டிருக்கும், சவுண்ட் செட்டிங்கில் மாற்றினால் சரி. ஆனால் அங்கே மாற்றியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதும் தப்புதான். பிரவுசர் அந்த செட்டிங்கைப் பார்த்து நடக்கும், ரெக்கார்டிங் மென்பொருளோ ஏஎஸ்ஐஓ டிரைவர் (விண்டோஸின் ஒலி அமைப்பைத் தாண்டி இன்டர்ஃபேஸோடு பேசுகிற மென்பொருள்) வழியாக நேரே போகும், அந்த மென்பொருளுக்குள்ளேயே இன்டர்ஃபேஸைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சில பெட்டிகளில் மைக்கையும் கணினி ஒலியையும் கலக்க முன்பக்கம் ஒரு குமிழ் இருக்கும். அது முழுக்க மைக் பக்கம் திரும்பியிருந்தால் பாட்டு கேட்கவே கேட்காது. இது தெரியாமல் ஒரு சாயங்காலம் பூரா டிரைவரை அழிப்பதும் போடுவதுமாக உட்கார்ந்திருந்தேன், கடைசியில் விரல் தற்செயலாகக் குமிழில் பட்டது!

கேபிள்தான் ஆளை நன்றாகக் குழப்பும். ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஒரே ஒரு டிஆர்எஸ் கேபிளை (பிளக்கில் நுனி, வளையம், அடித்தண்டு என்று மூன்று தொடுபகுதி உள்ளது) எடுத்து ஸ்பீக்கரின் பேலன்ஸ்டு இன்புட்டில் செருகுவார்கள். கச்சிதமாகப் பொருந்தும், சத்தமும் வரும், ஆனால் பாடுகிறவரின் குரல் மட்டும் கிணற்றுக்குள் போன மாதிரி இருக்கும். ஏனென்றால் ஹெட்ஃபோன் துளையில் பிளக்கின் நுனிக்கு இடது பக்க ஒலி, அடுத்த வளையத்துக்கு வலது பக்க ஒலி. பேலன்ஸ்டு இன்புட் ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்து மிச்சத்தைத்தான் ஸ்பீக்கருக்குக் கொடுக்கும். குரலைப் பெரும்பாலும் இரண்டு பக்கமும் சமமாக வைத்துத்தான் மிக்ஸ் செய்வார்கள், சமமானதைக் கழித்தால் என்ன மிஞ்சும்? பின்பக்கம் இருக்கும் லைன் அவுட்டிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒரு கேபிள் வீதம் இரண்டு கேபிள் போடுங்கள்.

பாட்டு கொஞ்சம் வேகமாக, சுருதி ஏறிக் கேட்டால் சாம்பிள் ரேட்டை, அதாவது ஒலியை வினாடிக்கு எத்தனை தடவை அளக்கிறது என்ற எண்ணைப் பாருங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிவானதை மென்பொருள் மாற்றிக் கொடுக்காமல் இன்டர்ஃபேஸ் 48-இல் ஓட்டினால், வேகம் கிட்டத்தட்ட 9 சதவீதம் கூடும். இரண்டையும் ஒரே எண்ணில் வைத்தால் தீர்ந்தது.

படபடவென்று பொரிகிற சத்தம் வந்தால் பஃபர் அளவு, அதாவது கணினி ஒரு தடவைக்கு எத்தனை சாம்பிளைச் சேர்த்து அனுப்புகிறது என்பது, ரொம்பச் சின்னதாக இருக்கலாம். 64 எல்லாம் பாடிக்கொண்டே தன் குரலைக் கேட்கிறவர்களுக்கு. வெறுமனே பாட்டுக் கேட்க 512 தாராளம், 48 கிலோஹெர்ட்ஸில் அந்த பஃபரின் தாமதம் 11 மில்லிவினாடிகூட இல்லை. அதற்கும் அடங்கவில்லையென்றால் யுஎஸ்பி ஹப்பைக் கழற்றிவிட்டு நேராகக் கணினியில் செருகிப் பாருங்கள், தனி மின்சாரம் இல்லாத ஹப் சில பெட்டிகளுக்குப் போதாது.

அப்புறம், ஸ்பீக்கரை முதலில் போட்டுவிட்டு இன்டர்ஃபேஸைப் போட்டால் ‘டொப்’ என்று ஒரு அடி விழும். ஸ்பீக்கரைக் கடைசியில் போடுங்கள், அணைக்கும்போது முதலில் அணையுங்கள்.