அடுத்த மாசம் என்ன புத்தகம்?

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மொட்டைமாடியில், மாதத்தின் கடைசி ஞாயிறு சாயங்காலம் எங்கள் வாசிப்பு வட்டம் கூடும். எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவள் நான். புத்தகம் தேர்ந்தெடுக்கும் வேலையும் என் தலையில்தான். புதிதாக வட்டம் ஆரம்பிக்கிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "நல்ல புத்தகமா ஒரு லிஸ்ட் கொடுங்கக்கா." லிஸ்ட்டெல்லாம் அப்புறம். பாயில் வந்து உட்காரப் போகிறவர்கள் யார் யார், என்ன வேலை செய்கிறார்கள் என்று முதலில் எழுதுங்கள்.

எங்களில் ஒரு அக்கா காசிமேட்டில் ஏலம் எடுத்து மீன் விற்கிறவர். ஒரு ஐயா பெரம்பூர் கேரேஜில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஒரு நர்ஸ், வியாசர்பாடியிலிருந்து ஃபுட்பால் பையோடு வரும் இரண்டு காலேஜ் பையன்கள், இன்னும் சிலர். இவர்களை வைத்து நான் பிடித்துக்கொண்ட வழி இது: ஒரு மாதம், எழுதினவரைவிட நம்மில் ஒருவருக்காவது அதிகம் தெரிந்த விஷயமாக இருக்கணும். அடுத்த மாதம், யாருக்குமே அரிச்சுவடி தெரியாத விஷயமாக இருக்கணும்.

முதல் வகைக்கு 'செம்மீன்' நல்ல உதாரணம். தகழி 1956-இல் மலையாளத்தில் எழுதிய நாவல், தமிழில் மொழிபெயர்த்தவர் சுந்தர ராமசாமி. கரையில் இருக்கும் பெண்டாட்டி ஒழுக்கம் தவறினால் கடலுக்குப் போன புருஷனைக் கடலம்மா காவு வாங்கிவிடுவாள் என்ற நம்பிக்கையில்தான் அந்தக் கதையே நிற்கிறது. பையன்கள் காதலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, காசிமேட்டு அக்கா புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தார். "படகுல ஆம்பள இன்னா பண்ணாலும் கடல் கேக்காதா? கரையில பொம்பள மேல மட்டும் இன்னாத்துக்குப் பழி?" அதற்கப்புறம் ஐஸ், டீசல், வட்டி என்று அவர் பேசினதை எந்த முன்னுரையிலும் படித்திருக்க முடியாது. அதுவரை வாயே திறக்காதவர் அவர்.

கதையையும் கட்டுரையையும் ஜோடி போடுங்கள். அசோகமித்திரனின் 'தண்ணீர்' சின்ன நாவல், சென்னையின் தண்ணிப் பஞ்சம். குடத்தோடு லாரிக்கு நின்றவர்களுக்கு விளக்கவே வேண்டாம். அதைத் தொடர்ந்து நக்கீரனின் 'நீர் எழுத்து' எடுத்தால், வீட்டுக் குழாயிலிருந்து ஏரி, ஆறு என்று பேச்சு தானாக விரியும். நாவல் முதலில், கட்டுரை அடுத்து. மாற்றி வைத்தால் பாதிப் பேர் இரண்டாம் மாதம் வரமாட்டார்கள்.

கட்டுரை நூலை முழுசாகப் படிக்கணும் என்று எந்தச் சட்டமும் இல்லை. திரு.வி.க.வின் 'வாழ்க்கைக் குறிப்புகள்' தடிமனான புத்தகம். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டினவர்களில் அவரும் ஒருவர், அதனால் தொழிலாளர் இயக்கம் வரும் பகுதியை மட்டும் எடுங்கள். பின்னி மில்லும் 1921 வேலைநிறுத்தமும் புளியந்தோப்புக் கலவரமும் இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் இன்னும் கதையாக ஓடுகின்றன. சாதி குறுக்கே வந்து தொழிலாளர் இரண்டாகப் பிரிந்ததைப் பற்றி ஒவ்வொரு வீட்டு ஆயாவும் சொன்னது ஒவ்வொரு மாதிரி. அந்த வித்தியாசத்தைப் பேசத்தான் கூடுகிறோம்.

தெரியாத விஷயத்துக்கு ரொம்ப மெனக்கெட வேண்டாம், தூரத்து ஊர் போதும். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் எழுதின 'கரிப்பு மணிகள்', தேயிலைத் தோட்டத்தில் டாக்டராக இருந்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி இரா. முருகவேள் மொழிபெயர்த்த 'எரியும் பனிக்காடு'. இரண்டுமே நாவல், ஆனால் கட்டுரைக்கு உண்டான தகவல் உள்ளே இருக்கும். 'எனக்குக் கதையெல்லாம் ஒத்துவராது' என்கிறவர்களை உட்கார வைக்க இதுதான் வழி. எங்கள் ஃபிட்டர் ஐயா அந்த ரகம்.

மொழிபெயர்ப்பு எடுக்கும்போது முதல் பக்கத்தை நம்பாதீர்கள். நடுவில் எங்காவது பிரித்து ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை நாக்கு தடுக்கினால் வைத்துவிடுங்கள், எவ்வளவு பெரிய பரிசு வாங்கினதாக இருந்தாலும் சரி.

வாழ்க்கையில் முன்னேறச் சொல்லும் புத்தகங்களை நான் சேர்ப்பதில்லை. எல்லாரும் தலையாட்டுவார்கள், இருபது நிமிஷத்தில் கூட்டம் முடிந்து பஜ்ஜிக்குப் போய்விடுவார்கள். ஓட்டெடுப்பும் வேண்டாம். ஓட்டு வைத்தால் ஒவ்வொரு மாதமும் ராஜா கதைதான் ஜெயிக்கும். முறைவைத்து ஆளுக்கு ஒரு மாதம் கொடுங்கள். மற்றவர்கள் பக்க அளவில் மட்டும் தலையிடலாம். எங்களுக்கு இருநூற்றைம்பதைத் தாண்டினால் இரண்டு மாதம். பரீட்சை சீசனிலும், மழை கொட்டித் தெருவில் தண்ணி நிற்கும் நவம்பர், டிசம்பரிலும் சிறுகதை மட்டும்.

அறிவிப்பதற்கு முன்னால் பிரதி கிடைக்குமா என்று பார்த்துவிடுங்கள். கிளை நூலகத்தில் ஒன்றிரண்டு தேறும், எழும்பூர் கன்னிமாராவில் இன்னும் கொஞ்சம். சென்ட்ரல் பக்கத்தில் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் பேரம் பேசத் தெரிந்தவரை அனுப்புங்கள். ஜனவரி புத்தகக் காட்சியில் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு, அதனால் அந்த வருஷத்துப் பாதித் தேர்வை டிசம்பருக்குள் முடித்துக்கொள்வது லாபம். புதுமைப்பித்தன் மாதிரி நாட்டுடைமையான எழுத்தாளர்களை போனிலேயே இலவசமாகப் படிக்கலாம். வயசானவர்களுக்கு மட்டும் எழுத்தைப் பெரிசாக்கிக் காட்டிக்கொடுக்கணும்.

படித்து முடிக்காமல் வருகிறவர்களைத் திட்டாதீர்கள். முதல் பேச்சையே அவர்களிடம் கொடுத்து, எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள், ஏன் என்று கேளுங்கள். மூன்று நாலு பேர் ஒரே இடத்தில் நின்றிருந்தால் அந்தப் பக்கத்தைக் கூட்டத்திலேயே சத்தமாகப் படித்துவிட்டு, அதற்கப்புறம் அடுத்த மாசப் புத்தகத்தைப் பேசுங்கள்.