பழைய விறகடுப்பை மாற்றுவதற்கு முன்

கேஸ் வந்து பல வருடம் ஆகியும் தர்மபுரிப் பக்கம் எங்கள் வீட்டுப் பின்கட்டில் விறகடுப்பு எரியாத நாள் இல்லை. வெந்நீர், களி, மாட்டுக்குக் கஞ்சி எல்லாம் அதில்தான். அதன் குமிழ் உடைந்தபோது, நான் பெரிய ஆள் மாதிரி கடைக்குப் போய் விசிறி வைத்த தகர அடுப்பு ஒன்றை வாங்கி வந்தேன். விரல் நீளத்துக்கு விறகை நறுக்கிப் போட்டால்தான் எரியும். அம்மா பதினைந்து நாள் பொறுத்துப் பார்த்தார். "இதுக்கு விறகு வெட்ட தனியா ஒரு ஆள் போடு" என்றார். இப்போது அதில் சின்ன வெங்காயம் கொட்டி வைத்திருக்கிறோம்.

நீங்கள் அப்படி ஏமாறாமல் இருக்க, செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. பழைய அடுப்பை உடைக்காதீர்கள்

முதலில் அதை அளக்க வேண்டும். ஒரு பானையில் 5 லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். 2 கிலோ காய்ந்த விறகை எடை போட்டுப் பக்கத்தில் வையுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் எரியும் விறகை வெளியே இழுத்து, கங்குகளைத் தட்டி, அணைத்து, மிச்சத்தை எடை போடுங்கள். 2 கிலோவில் அதைக் கழித்தால் எரிந்த விறகின் கணக்கு வந்துவிடும்.

கணக்குப்படி 5 லிட்டர் கொதிக்க சுமார் 100 கிராம் விறகின் சூடே போதும். ஆனால் மூன்று கல் அடுப்பில் பெரும்பங்கு சூடு பானையின் பக்கவாட்டில் காற்றோடு போய்விடும். நூற்றில் 10 பங்கு மட்டும் பானைக்குப் போனால் 1 கிலோ விறகு ஆகும். 25 பங்கு போனால் 400 கிராமில் வேலை முடியும். உங்கள் அடுப்பு எங்கே நிற்கிறது என்று குறித்து வையுங்கள்.

2. சட்டியையும் விறகையும் பாருங்கள்

அடுப்பைத் தேர்ந்தெடுப்பது இவை இரண்டும்தான். அடி உருண்ட மண்சட்டியா, தட்டையான குண்டானா? பெரிய அண்டாவின் அகலம் என்ன? கிடைப்பது சீமைக்கருவேலங்கட்டையா, தென்னை மட்டையா, வரட்டியா? நீளக் கட்டைதான் கிடைக்கும் என்றால், மேலிருந்து துண்டு போடும் அடுப்பு உங்களுக்கு ஆகாது.

களி கிண்டும் வீடென்றால் இன்னொன்றும் உண்டு. துடுப்பால் அழுத்திக் கிண்டும்போது இலேசான தகர அடுப்பு நகரும், சாயவும் செய்யும். கடையிலேயே மேலே கை வைத்து நன்றாக ஆட்டிப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

3. எந்த வகை?

ராக்கெட் அடுப்பு: உள்ளே 'ட' வடிவக் குழாய். கீழே படுக்கைவாட்டில் விறகைச் செருகினால் தீ நேராக மேலே ஏறும். விறகு வாயில் ஒரு தட்டு இருக்கும். விறகு அதன் மேலே, காற்று அதன் கீழே. தட்டு இல்லாததை வாங்காதீர்கள். சுள்ளி, மட்டை எல்லாம் எரியும்.

விசிறி அடுப்பு: புகை குறைவு, விறகும் மிச்சம். ஆனால் நறுக்க வேண்டும், சார்ஜ் போட வேண்டும். என் கதைதான் தெரியுமே.

புகைபோக்கி வைத்த மண் அடுப்பு: நகர்த்த முடியாது, சூடேற நேரம் எடுக்கும். ஆனால் கொடி அடுப்பு, அதாவது அதே தீயில் சூடாகும் இரண்டாவது வாய், உண்டு! முன்னால் சோறு கொதிக்க, பின்னால் ரசம் சூடாகவே இருக்கும். ஒற்றை அடுப்பு வாங்கியவர்கள் இதைத்தான் முதலில் தேடுவார்கள். நாங்கள் கடைசியில் இதற்கே வந்தோம்.

கடையில் வாங்குவதென்றால் ஐஎஸ் 13152 என்ற இந்தியத் தர எண் இருக்கிறதா பாருங்கள். அதன்படி வீட்டு அடுப்பில் விசிறி இல்லாதது நூற்றுக்கு 25 பங்காவது, விசிறி உள்ளது 35 பங்காவது சூட்டைப் பாத்திரத்துக்குக் கொடுக்க வேண்டும்.

4. இடமும் புகைபோக்கியும்

கூரை ஓலை என்றால் குழாயை அதன் வழியே விடவே கூடாது. ஒரு பொறி போதும். சுவர் வழியாக வெளியே எடுத்து, ஓலைக்கு எட்டாமல் தள்ளி நிறுத்துங்கள். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) குழாய் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், அறுக்கும்போது வரும் தூசு நுரையீரலுக்குக் கெடுதல்.

5. முதல் தீ

புது மண் அடுப்பை நிழலில் நன்றாகக் காயவிட்டு, முதல் இரண்டு மூன்று நாள் சுள்ளி வைத்துச் சின்னத் தீ மட்டும் போடுங்கள். அவசரப்பட்டால் வெடிப்பு விடும். கொடி அடுப்பின் மேல் ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு தட்டையாவது போட்டு மூடுங்கள். இல்லாவிட்டால் புகை குழாய்க்குப் போகாமல் அங்கேயே கிளம்பும். எங்கள் வீட்டில் முதல் நாள் இதுதான் நடந்தது. கொத்தனாரைத் திட்டிக்கொண்டே இருந்தோம், அப்புறம் அம்மா ஒரு வெந்நீர்ச் சொம்பைத் தூக்கி வைத்தார், புகை நின்றுவிட்டது.

அப்புறம் அதே பானை, அதே 5 லிட்டர் தண்ணீர். மறுபடி எடை போட்டு, பழைய கணக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.