இன்சூரன்ஸ் பணத்தைக் குறைத்துவிட்டார்களா? கடலூர் கடைக்காரர்கள் செய்ய வேண்டியது

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணையும் பெருகிக் கடலூர்ப் பக்கம் ஊருக்குள் வந்தது. மாமாவின் சிறிய ஜவுளிக்கடையில் கீழ்த்தட்டுத் துணியெல்லாம் சேறு. நஷ்டம் 5 லட்சம். இன்சூரன்ஸ் கம்பெனி தர முன்வந்தது அதில் பாதி. "வந்த வரைக்கும் சரி, விடுடா" என்றார் மாமா. எனக்கு மனசு ஒப்பவில்லை.

முதலில் சர்வே ரிப்போர்ட்

எதற்காகக் குறைத்தார்கள் என்று தெரியாமல் வழக்காட முடியாது. நஷ்டத்தை மதிப்பிட வந்த சர்வேயரின் அறிக்கை நகலை எழுத்தில் கேளுங்கள், மின்னஞ்சல் போதும். பெரிய வெட்டு பெரும்பாலும் 'ஆவரேஜ்' என்ற இடத்தில் இருக்கும். கடையில் இருந்த சரக்கின் மதிப்பைவிடக் குறைவான தொகைக்கு பாலிசி எடுத்திருந்தால், அதே விகிதத்தில் இழப்பீட்டையும் குறைப்பார்கள். மாமாவின் பாலிசி 8 லட்சத்துக்கு. சர்வேயரோ சரக்கு 16 லட்சம் என்று எடுத்துக்கொண்டார். 5 லட்சம் பாதியானது இப்படித்தான்.

அந்த 16 லட்சம் எங்கிருந்து வந்தது? வங்கிக்குக் கொடுத்த செப்டம்பர் மாத ஸ்டாக் ஸ்டேட்மெண்டில் (சரக்கு இருப்புக் கணக்கில்) இருந்து. அது தீபாவளிக்கு வாங்கிக் குவித்த சரக்கு. புயல் வருவதற்குள் பெரும்பகுதி விற்றுப்போயிருந்தது. கொள்முதல் பில், விற்பனை பில், ஜிஎஸ்டி கணக்கு மூன்றையும் வைத்துக் கூட்டிக் கழித்தால் இருப்பு 9 லட்சம்தான். சிறு கடைகளுக்கென்று 2021 ஏப்ரலில் வந்த பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசியில், 15 சதவீதம் வரை குறைத்துக் காப்பீடு செய்திருந்தால் இந்த வெட்டே கூடாது. மாமாவிடம் இருந்தது அந்த பாலிசி. 9 லட்சச் சரக்குக்கு 8 லட்சம் பாலிசி, குறைவு சுமார் 11 சதவீதம்தான்.

உங்கள் கணக்கையும் இப்படி ஒரே தாளில் எழுதுங்கள். நனைந்த பில்களைக் காயவைக்கும் முன்பே போட்டோ எடுத்துவிடுங்கள், மை அழிந்துவிடும்.

வவுச்சரில் கையெழுத்து

'முழுத் தொகையும் பெற்றேன்' என்ற தாளை நீட்டுவார்கள். "ஆட்சேபத்துடன் பெறுகிறேன், மீதிக்கான உரிமையை விடவில்லை" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? கட்டாயத்தாலோ ஏமாற்றியோ வாங்கிய கையெழுத்து என்று நிரூபித்தால் வழக்குக்கு அது தடையில்லை என்று உச்ச நீதிமன்றம் 1999-லேயே சொல்லிவிட்டது.

அப்புறம் எங்கே போவது?

கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதி ஒரு மாதம் பாருங்கள். பதில் சரியில்லை என்றால் இரண்டு வழி. ஒன்று, சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன், அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் அதிகாரி. கட்டணமில்லை, வக்கீல் வேண்டாம். தனி உரிமையாளர் கடைகளும் போகலாம். கம்பெனியின் பதில் வந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். 50 லட்சம் வரை தீர்ப்பு தரலாம். நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடக்கும்போது இங்கே எடுக்க மாட்டார்கள், அதனால் இதை முதலில் முயலுங்கள்.

இன்னொன்று, மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கட்டிய பிரீமியம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. கம்பெனியின் தலைமை அலுவலகம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் தொழில் செய்யும் கடலூரிலேயே போடலாம். புதுச்சேரிக்காரர்களுக்குத் தனி ஆணையம் உண்டு. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் பதியலாம்.

அங்கே இரண்டு வாதங்கள் வரும். "இவர் வியாபாரி, நுகர்வோர் அல்ல" என்பார்கள். நஷ்டத்தை ஈடுகட்டத்தான் காப்பீடு, லாபத்துக்கல்ல என்று 2023-ல் ஹர்சோலியா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. "சர்வேயர் சொன்னதே முடிவு" என்றும் வாதிடுவார்கள். அவர் அறிக்கை இறுதி வார்த்தை அல்ல என்பது 2009-ல் பிரதீப் குமார் வழக்கின் தீர்ப்பு. இந்த இரண்டின் நகலோடு உங்கள் கணக்குத் தாளையும் புகாருடன் இணைத்துவிடுங்கள்.

தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தால், கம்பெனி 45 நாளுக்குள் மாநில ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் தீர்ப்புத் தொகையில் பாதியை முதலில் கட்டினால்தான் அந்த மேல்முறையீட்டை எடுப்பார்கள்.