ஸ்பின் என்ற சொல்லை எங்கே, எப்படிப் பயன்படுத்துவது?

ஸ்பின் என்றால் ஒரு பொருள் தன்னைத்தானே வேகமாகச் சுற்றிக்கொள்வது, இதைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பம்பரம் சுற்றுவது ஸ்பின். பூமி சூரியனைச் சுற்றிவருவதற்கு ரிவால்வ் என்று எழுதுங்கள். வாஷிங் மெஷினில் ஸ்பின் போட்டால் டிரம் வேகமாகச் சுற்றி, துணியிலிருக்கும் தண்ணீரை வெளியேற்றும்.

பலரும் தடுமாறுவது இறந்தகாலத்தில்தான். ஸ்பின்ட் என்று ஒரு வடிவமே கிடையாது, 'தி வீல் ஸ்பன்' என்பதுதான் சரி. இந்தச் சொல்லின் பழைய பொருள் நூல் நூற்பது, அதனால்தான் கோயம்புத்தூர்ப் பக்கம் நூற்பாலையை ஸ்பின்னிங் மில் என்கிறோம், சிலந்தி வலை பின்னுவதற்கும் இதே வினைதான், ஸ்பைடர் என்ற சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான்.

அப்புறம் பேச்சு வழக்கு. கார் சாவியை எடுத்துக்கொண்டு 'லெட்ஸ் கோ ஃபார் எ ஸ்பின்' என்று யாராவது கூப்பிட்டால், சும்மா ஒரு ரவுண்டு போய்வரலாம் என்று அர்த்தம். 'மை ஹெட் இஸ் ஸ்பின்னிங்' என்றால் தலை சுற்றுகிறது. அரசியல் செய்தியில் ஸ்பின் என்று வந்தால் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்: நடந்ததைத் தங்களுக்குச் சாதகமாக வளைத்துச் சொல்வதைத்தான் அது குறிக்கிறது. அந்த வேலையைச் செய்பவர் ஸ்பின் டாக்டர், அதை மருத்துவர் என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள்.