இன்சூரன்ஸ் கம்பெனியோடு வழக்கு: எந்தக் கோர்ட், யார் எந்தப் பக்கம்?

அமெரிக்கா வந்ததும் கார் வாங்குவோம், இன்சூரன்ஸும் எடுப்போம். உங்கள் கார் மோதி அடிபட்டவர் உங்களிடம் பெரிய தொகை கேட்கும்போது, "இது பாலிசியில் வராது" என்று கம்பெனி கைவிரிப்பதும் உண்டு. சில சமயம் கம்பெனியே முந்திக்கொண்டு, பணம் தர வேண்டியதில்லை என்று தீர்ப்புக் கேட்டு பெடரல் கோர்ட்டுக்கு (மாநிலக் கோர்ட் அல்ல, மத்திய அரசின் கோர்ட்) போய்விடும். சம்மனில் உங்கள் பெயரும் அடிபட்டவர் பெயரும் பிரதிவாதிகளாகச் சேர்ந்தே இருக்கும். உங்கள் மேல் குற்றம் சுமத்தியதாக நினைத்துப் பதற வேண்டாம்.

மாநிலச் சட்டத்தில் வரும் இந்த மாதிரித் தகராறை பெடரல் கோர்ட் எடுக்க இரண்டு நிபந்தனைகள். தொகை 75,000 டாலரைத் தாண்ட வேண்டும். வாதி, பிரதிவாதி இருவரும் ஒரே மாநிலத்தவராக இருக்கக் கூடாது. கம்பெனி என்றால் பதிவான மாநிலம், தலைமையகம் உள்ள மாநிலம் இரண்டுமே கணக்கு.

நம் ஆட்கள் கவனிக்க வேண்டியது விசா. எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருப்பவர் டெக்சஸில் பத்து வருஷம் இருந்தாலும் இந்தக் கணக்கில் வெளிநாட்டவர்தான். டெக்சஸ் கம்பெனியோடு வழக்கென்றாலும் பெடரல் கோர்ட் எடுக்கலாம். கிரீன் கார்டு (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) வாங்கி அங்கேயே நிரந்தரமாகத் தங்கியவருக்கு அதே வழக்கு மாநிலக் கோர்ட்டில்தான்.

இனி வேடிக்கையான பகுதி. கிரீன் கார்டோடு டெக்சஸில் நிரந்தரமாகத் தங்கிய நீங்கள் அந்த மாநிலக் கோர்ட்டில் இல்லினாய் கம்பெனி மேல் வழக்குப் போடுகிறீர்கள். அடிபட்ட டெக்சஸ்காரரையும் பிரதிவாதியாகச் சேர்க்கிறீர்கள். நீங்களும் அவரும் ஒரே மாநிலம், அதனால் பெடரல் கோர்ட்டுக்குப் போகாது என்று தோன்றும். ஆனால் கம்பெனி பணம் கொடுக்க வேண்டும் என்பதுதானே உங்கள் இருவருக்கும் வேண்டியது? அதனால் நீதிபதி அவரை உங்கள் பக்கம், வாதியாக மாற்றிவிடலாம். மாற்றினால் எதிரில் இல்லினாய் கம்பெனி மட்டும். சம்மன் கிடைத்த 30 நாளுக்குள் அது வழக்கை பெடரல் கோர்ட்டுக்கு இழுக்கலாம். உண்மையான சண்டை யாருக்குள் என்று பார்க்கச் சொன்னது, இண்டியானாபொலிஸ் நகரத்துக்கும் சேஸ் நேஷனல் வங்கிக்கும் நடந்த வழக்கில் 1941-இல் வந்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. அங்கே பக்கம் மாற்றியதால் பெடரல் கோர்ட்டுக்கு அதிகாரமே இல்லாமல் போனது. கத்தி இருபக்கமும் வெட்டும்.

சரி, சம்மன் வந்தால்? பெடரல் கோர்ட்டில் பதில் தர பொதுவாக 21 நாள்தான். விபத்து வழக்குக்குக் கம்பெனி வைத்துத் தந்த வக்கீல், கம்பெனியோடு உங்களுக்குள்ள இந்தத் தகராறில் வாதாட மாட்டார். இதற்குத் தனி வக்கீல் வேண்டும். முதல் வாரத்திலேயே தேடுங்கள்.