ஐரிஷ் வாய்மொழித் தேர்வு: மனப்பாடம் எங்கே கைகொடுக்கும், எங்கே கவிழ்க்கும்?

அயர்லாந்தில் லீவிங் சர்ட் என்ற பள்ளி இறுதித் தேர்வு எழுதப்போகும் பிள்ளை வீட்டில் இருந்தால் இந்தத் தேர்வின் பெயரே வயிற்றைக் கலக்கும். ஐரிஷ் பாடத்துக்கு மொத்தம் 600 மதிப்பெண். அதில் 240, அதாவது 40 சதவீதம், ஈஸ்டரை ஒட்டி நடக்கும் ஒரு கால் மணி நேரப் பேச்சில் தீர்மானமாகிவிடுகிறது. ஹையர், ஆர்டினரி இரண்டு நிலைக்கும் ஒரே வாய்மொழித் தேர்வுதான். வரவேற்புக்கு 5, கவிதை வாசிப்புக்கு 35, படத்தொடருக்கு 80, உரையாடலுக்கு 120. பிள்ளைகள் செலவிடும் நேரம் இந்தக் கணக்குப்படி அமைவதில்லை. அங்கேயே பாதிச் சிக்கல் தொடங்குகிறது.

பெரிய தவறு உரையாடலில்தான். வீடு, ஊர், பள்ளி, பொழுதுபோக்கு என்று தலைப்புக்கு ஒரு பக்கம் யாராவது எழுதித் தர, அதை உருப்போட்டுக்கொண்டு போகிறார்கள். தேர்வாளர் "உன் ஊரைப் பற்றிச் சொல்" என்பார். "எங்கள் ஊரில் வசதிகள் நிறைய, நூலகம் இருக்கிறது, நீச்சல் குளம் இருக்கிறது..." என்று பிள்ளை ஆரம்பிக்கும். இரண்டாவது வாக்கியத்திலேயே அவர் இடைமறித்து, "நீ நீந்துவாயா? கடைசியாக எப்போது போனாய்?" என்று கேட்பார். பிள்ளை ஒரு நொடி திகைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து போக்குவரத்து நெரிசலைப் பற்றி ஒப்பிக்கத் தொடங்கும். ஒப்பிக்கிறது என்று அவருக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். அவர் இடைமறிப்பது கெடுப்பதற்காக அன்று. சொந்தமாகப் பேச வருகிறதா என்று பார்ப்பது அவர் வேலை.

பக்கம் பக்கமாக எழுதுவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு தலைப்புக்கும் ஆறேழு சின்ன வாக்கியங்களைத் தயார் செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஏன், எப்போது, யாரோடு என்ற மூன்று கேள்விக்கும் பதில் கையில் இருக்கவேண்டும். பதில் இல்லாத வாக்கியத்தை எடுத்துவிடலாம். வாசிப்புப் பிடிக்கும் என்று சொன்னால் அடுத்த கேள்வி "இப்போது என்ன புத்தகம் படிக்கிறாய்?" என்றுதான் வரும்.

நம் வீட்டுப் பிள்ளைகளிடம் இன்னொன்றையும் பார்க்கிறேன். பரதநாட்டியம் ஆடும் பெண், தேர்வறையில் ஹர்லிங் என்ற ஐரிஷ் மட்டை விளையாட்டு பிடிக்கும் என்று வகுப்பில் தந்த பத்தியைச் சொல்கிறாள். திருச்சியில் இருக்கும் பாட்டியைப் பற்றியோ, பொங்கல் பற்றியோ, வீட்டில் தமிழ் பேசுவதைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. "லௌரீமிட் தமலிஷ் ச வால்யா", அதாவது வீட்டில் தமிழ் பேசுகிறோம் என்ற ஒரு வரி போதும். உரையாடல் பிள்ளைக்குத் தெரிந்த இடத்துக்கு வந்துவிடும். அதற்கான சொற்களை இரண்டு மாதம் முன்பே ஆசிரியரிடம் கேட்டு வைத்துக்கொள்ளவேண்டும், அவ்வளவுதான்.

இலக்கணத்தில் எல்லாவற்றையும் சரிசெய்ய நேரம் இருக்காது. இரண்டை மட்டும் விடக்கூடாது. ஒன்று, கேள்வி எந்தக் காலத்தில் வருகிறதோ அதே காலத்தில் பதில். போன வார இறுதியில் என்ன செய்தாய் என்றால் "கூய் மே", போனேன், என்று தொடங்கவேண்டும். "தேயிம்" என்றால் வழக்கமாகப் போகிறேன் என்று ஆகிவிடும். இரண்டாவது, எல்லோரும் பயப்படும் "மோ கொன்யீலஃக்" என்ற நிபந்தனை வினை. லாட்டரியில் பணம் விழுந்தால் என்ன செய்வாய் என்பது பழைய, இன்னும் சலிக்காத கேள்வி. தமிழில் "வீடு வாங்குவேன்" என்று எதிர்கால வினையாலேயே சொல்லிவிடுகிறோம். ஐரிஷில் அதற்கென்று தனி வடிவம்: "ஹ்யனோயின்" என்றால் வாங்குவேன், "ராஹின்" என்றால் போவேன், "ஹூர்ஹின்" என்றால் கொடுப்பேன். பத்து வினைச்சொற்களை இந்த வடிவத்தில் தடுமாறாமல் சொல்ல வந்தால் போதும். முழு வாய்பாட்டையும் படிக்கிறேன் என்று உட்கார்ந்து ஒன்றும் நிற்காமல் போவதைவிட இது மேல்.

கேள்வி புரியவில்லை என்றால் புரியவில்லை என்று ஐரிஷிலேயே சொல்லலாம், திரும்பக் கேட்பார்கள். தலையாட்டிவிட்டு வேறு எதையோ சொல்வதும், ஆங்கிலத்துக்குத் தாவுவதும்தான் ஆபத்து.

படத்தொடரில் ஆறு படங்களை வைத்துக் கதை சொல்லவேண்டும். கவிழ்த்து வைத்த அட்டைகளிலிருந்து ஒன்றை எடுக்கவேண்டும் என்பதால், எல்லாத் தொடரையும் மனப்பாடம் செய்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். கதை முடிந்தபின் மாணவர் தேர்வாளரிடம் மூன்று கேள்வி கேட்கவேண்டும், அவரும் மூன்று கேட்பார். அந்த மூன்று கேள்வியைப் பழகாமலே போகிறவர்கள் எத்தனையோ பேர்! முன்பு 20 தொடர்கள் இருந்தன, கோவிட் காலத்தில் குறைத்தார்கள். அக்கா படித்த பழைய தொகுப்பை நம்பாமல், தன் ஆண்டுக்கு எவை என்று ஆசிரியரிடம் உறுதி செய்துகொள்வது நல்லது.

மனப்பாடம் உண்மையாகவே கைகொடுக்கும் இடம் கவிதை வாசிப்பு. காட்லீன் மாடின் 'கேவன்', மார்ட்டீன் ஓ டிரானின் 'அன் த்யாரஃக் ஹீர்' போன்ற ஐந்து கவிதைகளில் ஒன்றிலிருந்து சில வரிகள் வரும். இங்கே பலர் வேகமாகப் படித்துக் கெடுக்கிறார்கள். உயிரெழுத்தின் மேல் சாய்கோடு இருந்தால் அது நெடில். குறிலாக விழுங்கினால் சொல்லே மாறும். ஷான் ஓர் ஆளின் பெயர், ஷன் என்றால் பழையது. குறில் நெடில் காதில் ஊறிய நம் பிள்ளைகளுக்கு இது கடினமே இல்லை. பல இடங்களில் ஐரிஷின் வல்லின 'த' நம் 'த' போலவே நாக்கு பல்லில் பட்டு வரும். ஆங்கிலப் பழக்கத்தில் அதை 'ட' ஆக்கிவிடுகிறார்கள். ஆய்தத்துக்கு நெருங்கிய தொண்டையொலியை 'க்' ஆக்குவதும் அப்படித்தான்.

வட்டார வழக்குக்கும் காது பழகவேண்டும். தெற்கே மன்ஸ்டர் வழக்கில் "கொனஸ் அதா தூ?" என்று நலம் விசாரிப்பதை வடமேற்கே டோனகலில் "கஜே மர் அதா தூ?" என்பார்கள். எந்த வழக்கில் பதில் சொன்னாலும் குறையில்லை, கேட்டதும் விழிக்காமல் இருந்தால் சரி. 1972 முதல் ஒலிபரப்பாகும் ஐரிஷ் மொழி வானொலியான ராடியோ நா கேல்தாஃக்தாவை தினமும் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். டிஜி4 என்ற ஐரிஷ் மொழித் தொலைக்காட்சியும் இருக்கிறது.

உங்களுக்கு ஐரிஷ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. "கேன் ஃபா?" என்றால் ஏன், "கஹின்?" என்றால் எப்போது. சாப்பிடும்போது பிள்ளை ஐரிஷில் ஏதாவது சொன்னால் இந்த இரண்டையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். பதில் ஐரிஷிலேயே வரும்வரை விடாதீர்கள்.