மெம்ஃபிஸ் பெல்: அந்த 25 யாருடைய கணக்கு?

'25 தாக்குதல்களை முடித்த முதல் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம்.' மெம்ஃபிஸ் பெல் என்ற பி-17 விமானத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் இந்த வரியில்தான் தொடங்குகிறார்கள். தவறும் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

இரண்டாம் உலகப் போரின்போது, 1943இல் இங்கிலாந்திலிருந்து பறந்த அமெரிக்க 8ஆவது விமானப்படையில் 25 என்பது ஆட்களுக்கு வைத்த வரம்பு. அத்தனை முறை போய் உயிரோடு திரும்பியவர் அதற்குமேல் தாக்குதலுக்குப் போக வேண்டியதில்லை. விமானத்துக்கு அப்படி எந்த வரம்பும் கிடையாது. பழைய ஆட்கள் ஊர் திரும்பினால், அடுத்த குழுவோடு மறுநாளே கிளம்பும். இந்த இரண்டு கணக்கையும் கலப்பதுதான் பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம்.

பெல்லை வழக்கமாக ஓட்டிய கேப்டன் ராபர்ட் மோர்கனின் குழு தன் 25ஆவது தாக்குதலை முடித்தது 1943 மே 17இல். இலக்கு, பிரான்சின் லோரியாங் துறைமுகம்; ஜெர்மன் நீர்மூழ்கிகளின் தளம் அங்கே இருந்தது. விமானத்தின் 25ஆவது தாக்குதல் மே 19இல், ஜெர்மனியின் கீல் நகரத்தின் மேல். அன்று அதை ஓட்டிச் சென்றது வேறொரு குழு. மோர்கனின் ஆட்கள் சில நாட்கள் வேறு விமானங்களில் பறந்தார்கள். பெல்லும் சில நாட்கள் வேறு ஆட்களோடு போனது. ஆகவே ஓரிடத்தில் மே 17, இன்னோரிடத்தில் மே 19 என்று பார்த்தால் ஒன்றை அச்சுப்பிழை என்று ஒதுக்கிவிடாதீர்கள். குழுவின் கணக்கா, விமானத்தின் கணக்கா என்று பாருங்கள்.

அடுத்தது 'முதல்' என்ற சொல். 303ஆவது குண்டுவீச்சுக் குழுவின் (இங்கே குழு என்பது பல விமானங்கள் கொண்ட படைப்பிரிவு) 'ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்' என்ற பி-17, மே 13இலேயே 25ஐத் தொட்டுவிட்டது. அதன் பிறகும் பறந்து மொத்தம் 48 தாக்குதல்களை முடித்தது. அதற்கும் முன்பு, பிப்ரவரி 7இல், 93ஆவது குண்டுவீச்சுக் குழுவின் 'ஹாட் ஸ்டஃப்' என்ற பி-24 அந்த எண்ணிக்கையை எட்டியிருந்தது. ஆனால் தாயகம் திரும்பும் வழியில், மே 3இல், மோசமான வானிலையில் அது ஐஸ்லாந்து மலையில் மோதியது. ஐரோப்பாவில் இருந்த அமெரிக்கப் படைகளின் தளபதி ஃபிராங்க் ஆண்ட்ரூஸ் உட்பட 14 பேர் இறந்தார்கள். பின்பக்கத் துப்பாக்கி வீரர் ஒருவர்தான் பிழைத்தார். பெல்லுக்கு நியாயமாகச் சேரும் பெருமையை இப்படி எழுதலாம்: ஐரோப்பாவின் மேல் 25 தாக்குதல்களை முடித்துவிட்டு அமெரிக்கா திரும்பிய முதல் கனரகக் குண்டுவீச்சு விமானம். சற்று நீளம்தான், ஆனால் 'திரும்பிய' என்பதை விட்டால் வாக்கியம் பொய்யாகிவிடும்.

திரைப்படத்தைச் சான்றாக எடுப்பது இன்னொரு தவறு. வில்லியம் வைலர் எடுத்து 1944இல் வெளியான ஆவணப்படத்தின் வான்காட்சிகள் உண்மையானவை, உயிரைப் பணயம் வைத்து எடுத்தவை. ஆனால் அவை ஒரே நாளில், ஒரே விமானத்திலிருந்து எடுத்தவை அல்ல. 16 மி.மீ. கேமராவில் ஒலி பதிவாகவில்லை. வீரர்கள் பேசிக்கொள்வது பிறகு அமெரிக்காவில் பதிவு செய்து சேர்த்தது. படம் காட்டும் கடைசி இலக்கு வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன். மோர்கன் குழுவின் உண்மையான கடைசி இலக்கு லோரியாங். 1990இல் வந்த கதைப்படத்தில் இலக்கு பிரேமனாகிவிட்டது, ஆட்களும் கற்பனைப் பாத்திரங்கள். அதிலிருந்து எந்தத் தகவலையும் எடுக்காமல் இருப்பதே நல்லது.

பெல்லின் புகைப்படம் தேடும்போதும் ஏமாறுவது எளிது. பெல், பி-17இன் 'எஃப்' வகை. மூக்குக்குக் கீழே இரட்டைத் துப்பாக்கிகளோடு சுழலும் கூண்டு தெரிந்தால் அது பெல் அல்ல. அது பின்னால் வந்த 'ஜி' வகையின் அடையாளம். கூண்டு இல்லை என்பதால் மட்டும் பெல் என்றும் சொல்லிவிட முடியாது, ஏனென்றால் 1990 படத்துக்காக 'ஜி' விமானங்களின் கூண்டைக் கழற்றி வேடம் போட்டிருக்கிறார்கள். வால் எண்ணையும் பாருங்கள். பெல்லின் வரிசை எண் 41-24485. முதல் இலக்கத்தை விட்டு, வாலில் 124485 என்று எழுதியிருப்பார்கள். உடலில் இருப்பது 91ஆவது குண்டுவீச்சுக் குழுவின் உட்பிரிவான 324ஆவது ஸ்குவாட்ரனைக் குறிக்கும் டி.எஃப், அதோடு விமானத்தின் எழுத்தான ஏ. மூக்கில் வரைந்துள்ள பெண்ணின் உடை இடப்பக்கம் நீலம், வலப்பக்கம் சிவப்பு. இரண்டுமே அசல், ஒன்றைப் போலி என்று சொல்லிவிடாதீர்கள்.

அந்த விமானம் 1946இல் மெம்ஃபிஸ் நகரத்துக்கு வந்த பிறகு பறக்கவே இல்லை. 2018 முதல் ஒஹாயோவின் டேட்டனில், அமெரிக்க விமானப்படை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு இருக்கிறது. இன்றைய வான்சாகச விழாவில் 'மெம்ஃபிஸ் பெல் பறக்கிறது' என்று ஒரு வண்ணப்படம் வந்தால், அது 'சாலி பி' போல அந்தச் சித்திரத்தைத் தாங்கிய வேறு விமானம்.

வீழ்த்திய எதிரி விமானங்களின் எண்ணிக்கையைக் கொடுக்கும்போது 'வீழ்த்தியதாகக் கோரிய' என்றே எழுதுங்கள். நெருக்கமாக அணிவகுத்துப் பறக்கும் குண்டுவீச்சு விமானங்களில், தாக்க வரும் ஒரே போர்விமானத்தை ஏழெட்டுத் துப்பாக்கிகள் ஒரே நேரத்தில் சுடும். அது புகைவிட்டுக் கீழே போனால், சுட்ட ஒவ்வொருவரும் தன் கணக்கில் எழுதுவார். புகைவிட்டது எல்லாம் விழுந்ததும் இல்லை. இது பெல்லுக்கு மட்டுமல்ல, அமெரிக்கக் குண்டுவீச்சுக் குழுக்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.